எங்கள் தோட்டத்து லெவன்

எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கிளாக்கராக இருந்தார். கிளாக்கர் வீட்டுப் பிள்ளையாய்ப் பிறப்பதில் உள்ள சங்கடம் வெளியாருக்குத் தெரியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் 'ஐயா வூட்டுப் புள்ள' என்று எட்ட நிற்பார்கள். துரை பங்களாவுக்கோ நாங்களும் லயத்திலிருந்து ஏறி வந்தவர்கள்தான். இரண்டுக்கும் நடுவே மேட்டில் எங்கள் குவாட்டர்ஸ் தனியாக நின்றது. அதற்குள் நானும் தனியாகவே வளர்ந்தேன்.

எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அண்ணன். என்னைவிட வெகுவாக மூத்தவன். மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை பழகியவன், அங்கே கழித்துப்போட்ட துண்டு துணுக்குகளைச் சேர்த்து வீட்டுக்கும் ஒன்று செய்து வைத்தான். பெட்டிக்கு மூடி கிடையாது. உள்ளே காற்றாடி சுற்றுவதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதில் ஒரு கிரிக்கெட் கேம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஆடும் கேம். அண்ணன் அதைச் சும்மா விடுவானா? உள்ளே இருக்கும் பெயரையும் முகத்தையும் சத்தத்தையும் எடுத்துவிட்டு நம்முடையதைப் போடலாம் என்று எங்கோ கற்றுக்கொண்டு வந்தான். அப்படிப் போடுவதற்குப் பேட்ச் என்று பெயராம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துக்கென்றே பதினொரு பேர் கொண்ட ஒரு டீம் எழுந்து நின்றது. கொழுந்தெடுப்பவர்களை விரட்டி வேலை வாங்கும் பெரிய கங்காணி வேகப்பந்து வீச்சாளர். எதையும் கைநழுவ விடாத அப்பா விக்கெட் கீப்பர். அடுப்படியைவிட்டு நகராத அம்மாவை பவுண்டரிக் கோட்டில் நிறுத்தியிருந்தான். முதலில் மட்டை பிடிப்பது நான். எங்கள் பெயர்களைத் திரையில் பார்த்து அப்பாகூட ஒருதரம் சிரித்துவிட்டார்.

நான் பந்தை அடித்துவிட்டு ஓடும்போதெல்லாம் அண்ணனின் குரல் வரும்: "ஓடு பாப்பா, ஓடு!" அதை அவன் பதிவு செய்த நேரத்தில் அம்மா அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது. அதனால் அண்ணன் என்னை விரட்டி முடித்ததும் தூரத்தில் அம்மாவின் கத்தல், அதற்கு அவன் பதில்: "இந்தா வந்துட்டேம்மா!" அதை வெட்டி எறி என்று நான் சொன்னதற்கு, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். சோம்பேறி.

பிறகு அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனுக்குப் பேசுவான். எனக்குக் கிடைப்பது கடைசியில் ஒரு நிமிடம். "டீம் எப்படி இருக்கு பாப்பா?" என்பான். நன்றாக இருக்கிறது என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. கேட்டால், "அண்ணனுக்கு வேல ஜாஸ்தி" என்றார்கள். அப்பா அவன் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுவார். வேலை ஜாஸ்தியான பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் ஏன் போட்டோவைக் கொண்டுபோகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால்தான் கிடப்பேன். திரையில் நான் ஓடும் வரைக்கும் அண்ணன் கூடவே இருந்தான்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர் மாமா. அம்மாவின் தம்பி. டவுனிலிருந்து ஒரு புது சீடியோடு வந்தார்.

"இன்னும் அந்தப் பழசயே வச்சிக்கிட்டு இருக்கியா? இது இப்பதான் வந்திருக்கு. மூஞ்செல்லாம் நெசமா இருக்கும் பாரு."

புதுசுக்கு இடம் போதாதென்று பழையதை அவரே அழித்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரையில் புல் பச்சையாக இருந்தது, வேர்வைகூடத் தெரிந்தது, எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. அடித்துவிட்டு ஓடினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். நான் அழுத அழுகையில் மாமா டீயைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பழைய கேமைத் திரும்ப ஏற்றலாமென்றால் அதன் சீடி கீறல் விழுந்து எப்போதோ செத்திருந்தது. ஆனால் அண்ணன் தன் பேட்சைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தான். மாமா அதைத் தொடவில்லை. சத்தத்தை மட்டும் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. கேமுக்கு மட்டுமே புரிகிற மாதிரி அதை மாற்றி வைத்திருந்தான். அவன் செய்வதைப் பார்த்துப் பழகிய கையால் எல்லாவற்றையும் அள்ளிப் புது கேமுக்குள் கொட்டினேன். கம்ப்யூட்டர் என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

வந்தார்கள், ஆனால் வந்த கோலம்! புது கேமில் ஆட்களின் வரிசையே மாறியிருந்தது. அப்பாவின் பெயர் ஒரு வெள்ளைக்காரனின் முதுகில் ஏறியிருந்தது. பெரிய கங்காணியின் முகம் நடுவருக்குப் போய்விட்டது. அம்மாவுக்குத் தலையே இல்லை. நான் ஓடினேன். சத்தமே இல்லை. மறுபடியும் ஓடினேன், இல்லை. கேமுக்குள்ளும் நான் தனியாகிவிட்டேன். அந்த வெறுப்பில் அடுத்த பந்தைத் தவறவிட்டேன். ஸ்டம்ப் பறந்தது.

"ஓடு பாப்பா, ஓடு!"

சத்தங்களின் வரிசையும் மாறியிருந்ததை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழைய கேமில் ஓட்டத்துக்கு இருந்த இடம் புதியதில் விக்கெட் விழுவதற்கு. அவுட்டானால்தான் அண்ணன் பேசுவான்.

அதற்குப் பிறகு நான் ஜெயிக்க ஆடவே இல்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், ஸ்டம்பைக் காட்டிக்கொண்டு. என் டீம் முழுவதும் வரிசையாக வந்து அவுட்டானது. அண்ணன் ஒவ்வொருவரையும் ஓடச் சொன்னான்.

கதவோரம் அம்மா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கண்டதும், கரண்ட் பில்லைச் சொல்லித் திட்டப்போகிறாள் என்று சுவிட்சைத் தேடினேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிரிக்கெட்டில் பந்து எது, மட்டை எது என்று தெரியாத அம்மா, முதன்முதலாக என் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா அவுட்டாகு பாப்பா."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவுட்டானேன். அண்ணன் கத்தினான், தூரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், "இந்தா வந்துட்டேம்மா" என்றான் அவன்.

"வா சாமி," என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா.

பதிவு செய்த குரலுக்குப் பதில் பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த பந்துக்கு மட்டையைத் தூக்கினேன்.