எனக்கென்று வைத்த பேணி

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் ஓர் அறையில் பேசுவது மறு அறையில் கேட்கும். அன்று மாலை மகளும் மருமகனும் கதைத்ததைக் கேட்காமலிருக்க எனக்குப் போக்கிடமில்லை. மகள் நாலு மாதக் கர்ப்பிணி. இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்திருந்தது. ஸ்கானில் ஈரலில் தழும்பும் தொடங்கியிருந்தது.

"எனக்கில்லையெண்டு வந்திட்டுது. அப்ப உமக்கு எங்கால வந்தது?" என்றார் மருமகன்.

"நான் என்ன, கடையில வாங்கினனானே?"

அவர் சிரிக்கவில்லை. "அம்மா கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். இவர்களுடைய கலியாணப் பேச்சு நடந்த காலத்தில், ஒரு சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த சோதனையில் எனக்கும் அதே கிருமி இருந்தது. "நோவே இல்லாமல் ஈரலைத் தின்னும். வீட்டிலுள்ள எல்லாரையும் சோதிக்க வேண்டும்" என்றார் டாக்டர். மனைவி முன்பே மாரடைப்பில் போய்விட்டாள். எல்லாரும் என்றால் மகள் மட்டும்தான். தலையாட்டிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தார்கள். எங்கள் லிப்டில் ஏறும் கதை அவர்கள் லிப்டில் போய் இறங்கும்.

எனக்குத் தினம் ஒரு குளிசை. அது கிருமியை அடக்கும், அழிக்காது. அதைப் பிரஷர் மருந்துப் போத்தலில் போட்டு ஒளித்தேன். மனச்சாட்சிக்காகத் தேநீர் குடிக்கத் தனிப் பேணி வைத்துக்கொண்டேன்.

"அப்பாவுக்கு வயசு போகப் போக ஆசாரம் கூடுது" என்று மகள் பகிடி பண்ணினாள்.

பேணியால் இது தொற்றாது, இரத்தத்தால்தான் தொற்றும் என்று படித்த எனக்குத் தெரியும். ஆனால் குளியலறையில் பொதுவாகக் கிடந்த நகவெட்டியை நான் மாற்றவில்லை. மாற்றினால் ஏனென்று கேட்பாள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது என் நகத்தை வெட்டிய கையோடு அவளுடையதையும் அப்படி ஒன்றால்தான் வெட்டிவிட்டிருக்கிறேன்.

மறு அறையில் அவள் அழத் தொடங்கினாள். எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"தம்பி, அவளைக் கேக்காதேங்கோ. என்னட்டயிருந்துதான் வந்திருக்கும்."

மருமகன் தலை குனிந்தார். மகள் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"உன்ர கலியாணத்துக்கு முதல்."

"பிள்ளைக்குப் பிறந்த உடனே ஊசி போட்டாத் தடுக்கலாமாம்," என்றாள். "எனக்கும் அப்பவே மருந்து பாத்திருக்கலாம், என்னப்பா?"

ஓம் என்றேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நான் இன்னும் ஏதாவது சொல்வேனென்று காத்திருந்தாள்.