தனியாக வந்தால் பேசுகிறேன்

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மாதத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. ஊரே மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் புடவை அடுக்கின் அடியிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி மில் களத்தில் அவித்த நெல் காயப்போடும் பெண்கள் நாங்கள் சங்கம் வைத்ததற்கு, மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்த ரசீது அது. முழுக்கப் பிரெஞ்சு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் அங்கே பெரிய படிப்பு என்று என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். இனி இது செல்லுமா?

களத்தில் என்னோடு ஜோடியாக நெல்லைப் பரப்பும் பலகை இழுத்தவள் சிரித்தாள். “ஒன் கல்யாணத்தயும் அந்த மேரியிலதானடி எழுதுனாங்க? கொடி மாறுனதும் ஒன் புருஷன் வேற ஆளா ஆயிட்டாரா? போடி பயந்தாங்கொள்ளி.”

அவளுக்குப் பயமே கிடையாது. கைக்குழந்தைகளை மாட்டுவண்டிக்கு அடியில் கிடத்திவிட்டு வெயிலில் வேலை செய்தோம். அதுகளுக்கு ஒரு கீற்றுக்கொட்டகை போடச் சொல்லிச் சங்கத்தின் சார்பில் முதலாளியிடம் போனபோது, அவள்தான் பேசினாள். மறுநாள் காலையில் மில் வாசலிலேயே அவளை, இனி வேலையில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போனால், மாமியாருக்கு இருமல் தேவலையா என்று கேட்பார். ஐந்து பேராகப் போய், “சங்கத்துலேருந்து வந்திருக்கோம்” என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

தொழிலாளர் விவகாரம் பார்க்கப் புதிதாக வந்த அதிகாரியிடம் ரசீதைக் கொண்டுபோனேன். “இது இனிமே செல்லுங்களா?” என்று கேட்டேன்.

“பயப்படாதீங்கம்மா. சங்கம் வைக்கிறது ஒங்க உரிமை. அரசியல் சட்டத்துலயே இருக்கு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அப்ப மொதலாளி எங்களோட பேசுவாருங்களா?”

“பேசுங்கன்னு சொல்லிப் பாக்கலாம். பேசித்தான் ஆவணும்னு சட்டத்துல இல்லியேம்மா.”

அவர் சொல்லிப் பார்த்தாரோ என்னவோ, இரண்டாம் நாள் முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார். “அவளத் தனியா வந்து கேக்கச் சொல்லு. நாளைக்கே சேத்துக்கிறேன். சங்கம் கிங்கம்லாம் வேணாம்.”

ஓட்டமும் நடையுமாக அவள் வீட்டுக்குப் போனேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“நீ என்னடி சொல்ற?”

“போயிக் கேட்டுடேன்” என்றேன்.

பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு சொன்னாள்: “தனியாப் போயிக் கேக்கவாடி அத்தன பேரும் பேரு குடுத்தோம்? நாளைக்கி ஒன்னய நிறுத்துனா யாரு வருவா?”

அடுத்த வாரமே பிள்ளைகளோடு நாகப்பட்டினத்தில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். முன்பெல்லாம் பிரெஞ்சு எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சை அவிழ்த்துப் பார்த்து ஒரு பொழுதைப் போக்குவார்கள். அன்று பஸ் நிற்காமலே போயிருக்கும்.

கொட்டகை ஒரு வருடம் கழித்து வந்தது. அதையும் முதலாளி எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். நிழலில் பிள்ளைகள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் இல்லையே என்றிருக்கும். நான் ‘போயிக் கேட்டுடேன்’ என்று சொல்லாதிருந்தாலும் அவள் ஊரைவிட்டுத்தான் போயிருப்பாள். ஆனால் பஸ் ஏறும்போது என் முகத்தைப் பார்த்திருப்பாள்.