வேன் அங்கிள் சொன்ன சாட்சி

டெங்கிக் காய்ச்சலில் மனைவியை மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் புக்கிட் ரம்பாய் பேக்டரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவைக் காட்டலாமென்று குருபோங்கில் உள்ள அவளுடைய பாலர் பள்ளிக்குப் போனேன். ஆறு வயது அவளுக்கு. அந்தப் பள்ளியில் அது அவளுக்கு இரண்டாவது வருஷம். நான் அதன் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது அன்றைக்குத்தான்.

டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை.

"நீங்க யாரு சார்?"

"அவ அப்பா."

"மன்னிச்சிருங்க. உங்கள நான் பார்த்ததே இல்லையே. அம்மாவும் வேன் அங்கிளும்தான் வருவாங்க. தெரியாதவங்ககிட்ட பிள்ளைய விட முடியாது லா."

மகள் பையை மாட்டிக்கொண்டு டீச்சருக்குப் பின்னால் நின்றாள். "அப்பாதான் டீச்சர்," என்றாள், மெதுவாக. டீச்சர் அவள் தலையைத் தடவினாரே தவிர கேட்டில் கை வைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. மனைவியின் போன் அணைந்து கிடந்தது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். வெயிலில் நின்றேன். ஐசியை, என் அடையாள அட்டையை, எடுத்துக் காட்டினேன். அதில் நான் யாரென்று இருந்தது, யாருக்கு அப்பா என்று இல்லை.

கடைசியில் வேன் வந்தது. அதை ஓட்டும் பெரியவர் இறங்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரு அப்பாதான் டீச்சர். சனிக்கிழமை பிள்ளைய ஏத்தப் போறப்ப வீட்டு முன்னால கார் கழுவிக்கிட்டு இருப்பாரு."

அதற்குப் பிறகுதான் கேட் திறந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. சனிக்கிழமை டான்ஸ் வகுப்புக்கும் அவள் அந்த வேனில்தான் போவாள். ஒருமுறைகூட நான் கழுவிய காரில் அவளை ஏற்றிப் போனதில்லை.

ஆஸ்பத்திரியில், நடந்ததை மகளே அம்மாவிடம் சொன்னாள். மனைவி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "நான் போனை சார்ஜ் போட்டு வச்சிருக்கணும்," என்றாள், தன் மேல்தான் தப்பு என்பதுபோல. அவள் கையில் குளுக்கோஸ் ஊசி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மனைவி தேறி வீட்டுக்கு வந்த பிறகு சூப்பர்வைசரிடம் பேசி காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். மூன்று மணிக்கு வேலை முடிகிறது. பள்ளி முடிந்து அவள் வீட்டில் இருப்பாள். சனிக்கிழமை டான்ஸ் வகுப்புக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். வகுப்பு முடியும்வரை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சலங்கைச் சத்தம் கேட்கும்போது, இது அவள் காலாக இருக்குமோ என்று காது கொடுப்பேன். இதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது காரில் நிறையப் பேசுகிறாள். ஆனால் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் நடுவில் நிறுத்திவிடுகிறாள். "அவ யாருன்னா அப்பா, என் பக்கத்துல உட்கார்றவ. அவளுக்கு ஒரு தம்பி இருக்கான்," என்று முதலிலிருந்து விளக்குகிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல, பொறுமையாக.

அம்மாவிடம் பேசும்போது அவள் எதையும் விளக்குவதில்லை.