அத்தை துப்பிய டப்பா

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். யாருடைய பெயராவது மேலே போனால் லாரி வரும், ஆள் ஏறிப் போவார், அத்தோடு சரி. அதனால் யார் வந்து பெயரைக் கேட்டாலும் எங்கள் வீட்டில் முதலில் கதவைத்தான் சாத்துவோம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்ட டிரஸர் ஒருநாள் தகர டப்பாக்களோடு லயத்துக்கு வந்தார். இருமுகிறவர்கள் காலைச் சளியைத் துப்பித் தர வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றார். அம்மாவோ மழை தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். தம்பி இன்னும் பால்குடி மறக்கவில்லை.

"சும்மா பாக்கத்தான்லா, பயப்படாதீங்க" என்று டப்பாவை நீட்டினார் டிரஸர்.

அவர் தலை மறைந்ததும், "லாரி அனுப்புறவனும் இப்படித்தான் சொல்றான்" என்றார் அப்பா.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா இருமினால் வாசலுக்கு ஓடுவேன். யாருக்காவது கேட்டதா என்று பார்த்துவிட்டு உள்ளே ஓடுவேன். அதற்குள் அடுத்த இருமல் வந்துவிடும். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அப்பா அதட்டினார். அவரே வேலிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

வழி கண்டுபிடித்தவள் அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. புக்கிட் பெலண்டோக் ஊரிலிருந்து வந்து அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். பரிசம் போடுவதுதான் பாக்கி.

"எனக்கென்ன சீக்கு அண்ணி? காலையில கொஞ்சம் கனைப்பேன், அது புகை. நான் துப்பித் தரேன், சுத்தமா வந்துரும்" என்றாள். துப்பியும் கொடுத்தாள். அரசாங்கத்தையே ஏமாற்றிய பெருமையில் அப்பா எனக்கு மிட்டாய்கூட வாங்கித் தந்தார்.

டிரஸர் திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. சளியில் கிருமி இருக்கிறது, அம்மாவின் பெயரைச் சிரம்பானுக்கு அனுப்பியாயிற்று, கூட்டிப்போக வண்டி வரும் என்றார். நான் அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சுவரோடு சாய்ந்து நின்ற அத்தை முன்னால் வந்தாள். "அது என் சளி, ஐயா."

அம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "பேரு போச்சுன்னா ஒன்ன எவன்டி கட்டுவான்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு டிரஸரிடம் திரும்பினாள். "அவ பொய் சொல்றாய்யா. துப்புனது நான்தான். என்னையே அனுப்புங்க." இடுப்பில் தம்பி வீறிட்டான். நான் பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைக்கிற அம்மாதான் இப்படிப் பேசினாள்.

டிரஸர் இருவரையும் தன் எதிரிலேயே துப்பச் சொன்னார். டப்பாக்கள் மறுபடி சிரம்பான் போய் வந்தன. அம்மாவுக்கு வெறும் மழைச்சளி. வண்டி அத்தைக்கு வந்தது.

அம்மா போகவில்லை என்ற சந்தோஷத்தில் வேலி வாசல் வரைக்கும் வண்டியின் பின்னால் ஓடினேன். குதித்துக் குதித்துக் கையசைத்தேன். அத்தையும் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். வீட்டுக்குத் திரும்பினால் அம்மா அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீதான் தப்பிச்சிட்டியேம்மா, ஏன் அழுவுற?" என்று கேட்டேன். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எதற்கு அடித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.