கேட் சீட்டு வராத காலை

"சர்வருடன் இணைய முடியவில்லை" என்ற அந்த வரியை எழுதிய ஆள் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். கேபிள் கழன்று கிடந்தாலும் அதே வரி. கடவுச்சொல் தப்பானாலும் அதே வரி. எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் மாதிரி. எட்டு வருடமாகச் சேலத்திலிருந்து ஸ்கூட்டரில் போய்க் கம்பெனி கம்பெனியாக நெட்வொர்க் பழுது பார்க்கிறேன். என் ரத்தக் கொதிப்பில் பாதி அந்த வரியால் வந்தது.

போன சித்திரையில், வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்திலிருந்து காலையிலேயே போன். குஞ்சுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றியாகிவிட்டது, கேட் சீட்டு அச்சாகவில்லை. கணினிச் சீட்டு இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாதென்பது முதலாளியின் உத்தரவு. அவரோ உறவுக்காரக் கல்யாணத்தில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த குஞ்சை, நோய் தொற்றும் என்று மறுபடி உள்ளேயும் எடுக்க மாட்டார்கள். ஆக, சேலத்துத் தலைமை அலுவலகத்தில் இருக்கும் சர்வர் மனது வைத்தால்தான் இங்கே கேட் திறக்கும். என்ன ஏற்பாடோ!

ஒன்பது மணிக்குப் போய் இறங்கினேன். காவலாளி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, சார் வரலீங்களா?"

"நான்தாங்க சார்" என்றேன்.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பனமரத்துப்பட்டி விவசாயி ஒருவர் தோள் துண்டால் பெட்டிகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். புதிதாகக் கட்டிய ஷெட்டில் அவர் விடப்போகும் முதல் குஞ்சுகள்.

"வண்டி ஓடுனா காத்து வருமுங்க. நின்னுக்கிட்டே இருந்தா உள்ள வெந்து போயிருமுங்க. வெரசாப் பாருங்க சாமி."

சீட்டுப் போடும் அறையில் இருந்த அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மேடம், காலைல வந்ததும் நான் ஒண்ணு..."

"அக்கா, இனி நீங்க எதையும் தொடாதீங்க. அப்படி ஓரமா உக்காருங்க."

கேபிளை மாற்றினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், சமர்த்தாகப் பதில் சொன்னது. பாதுகாப்பு மென்பொருளை நிறுத்திப் பார்த்தேன். சீட்டு மட்டும் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால், "இங்க எல்லாருக்கும் ஓடுதே மேடம்" என்றார்கள். இந்தத் தொழிலில் இதைவிட எரிச்சலூட்டும் வாக்கியம் கிடையாது.

அதே கேபிளை என் மடிக்கணினியில் செருகினேன். உடனே இணைந்தது. அதை வைத்து இணைப்பைச் சோதிக்கலாமே தவிர, சீட்டுப் போட அனுமதி இல்லை. ஆனால் கோளாறு அந்தக் கணினிக்குள்தான் என்று தெரிந்துவிட்டது. புத்தியுள்ளவள் அங்கே நின்று, இன்று காலை இதில் என்ன மாறியது என்று கேட்டிருப்பாள். நான் மென்பொருளை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் போனது.

"மேடம், அது வந்து..."

"அக்கா, கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னா நான் முடிச்சிருவேன்."

ஏற்றி முடித்தும் அதே வரி. கடைசியில் இரண்டு கணினிகளிலும் அடுத்தடுத்து இணைத்துப் பார்த்துவிட்டு, அந்த முயற்சிகளைக் குறித்து வைத்திருக்கும் பதிவேடுகளை அருகருகே திறந்தேன். ஒரே நிமிடத்தில் நடந்த முயற்சி என்னுடையதில் 11.20, அதில் 11.30. அனுப்பும் கணினியின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், யாரோ பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சந்தேகப்பட்டு சர்வர் ஒதுக்கிவிடும். ஒன்பது மணியிலிருந்து அந்த நேரம் திரை மூலையில் என் கண்முன்னாலேயே இருந்தது.

"யாருக்கா இதுல நேரத்தை மாத்துனது?"

"நான்தானுங்க. எல்லாரும் நேரத்துக்கு வரணும்னு மொதலாளி செவுத்துக் கடியாரத்தப் பத்து நிமிசம் முன்னால வெச்சிருக்காருங்க. சீட்டுல ஒரு மணி, செவுத்துல ஒரு மணின்னு டிரைவருங்க தெனம் சண்டைங்க. அதான் காலைல ரெண்டையும் ஒண்ணாக்குனேன். அதச் சொல்றதுக்குத்தான் வந்தேனுங்க."

எங்கள் வீட்டுக் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. யாரும் ஏமாறுவதில்லை, மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்புகிறோம். சர்வருக்கு அந்தக் கழித்தல் தெரியாது.

நேரத்தைத் திருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டு கரகரவென்று வந்தது.

விவசாயி அதற்குள் மேல்தட்டுப் பெட்டிகளைத் திறந்து, துவண்டு செத்த குஞ்சுகளை எடுத்துத் துண்டின்மேல் வரிசையாக வைத்திருந்தார். நான் நினைத்ததைவிட நிறைய. சீட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இத்தன நேரம் எங்களுக்காகப் பாடுபட்டீங்க அம்மிணி, நல்லாருப்பீங்க. அந்தம்மா எதையோ தொட்டுப் போட்டுதாமா?"

"ஆமாங்க" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் ஒன்பது மணிக்கே அந்த அக்காவை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருந்தால், ஒன்பது ஐந்துக்கு வண்டி கிளம்பியிருக்கும். அதை விவசாயியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு நின்றேன், அவ்வளவுதான்.

வண்டி போன பிறகு பணிப் படிவத்தை எடுத்தேன். 'கோளாறுக்கான காரணம்' என்ற இடத்தில் 'பயன்படுத்துபவரின் தவறு' என்று எழுதி, கையெழுத்துக்காக அக்காவிடம் நீட்டினேன். வழக்கமாக யாரும் அதைப் படிப்பதில்லை. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.