ஒட்டுவாரொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு டாக்டரின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். நோயாளியின் உடலிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். பசை, முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் கலந்தது. முட்டை வாடையே ஆகாத எனக்குத்தான் அதைக் கலக்கும் வேலை வாய்த்தது. சரியாகப் பூசாவிட்டால் சாயத்தில் முக்கும்போது சதை கழன்று மிதக்கும். அப்புறம் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் நாமக்கல் பக்கத்திலிருந்த என் அண்ணியின் துணுக்கு அந்த மேசைக்கு வந்தது. விலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் பட்டிருக்கிறது. வெட்கத்தில் ஆறு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த வேலையில் நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

கர்ப்பப்பை வாயின் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று உண்டு. கெட்ட செல்கள் அதற்கு மேலேயே நின்றுவிட்டால் கவலையில்லை என்பார் டாக்டர். தாண்டிவிட்டால் கஷ்டம். அன்று அவர் அண்ணியின் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். ஓர் ஓரத்தில் கோடு அறுந்திருந்தது. கூட்டத்தைவிட்டுக் கழன்ற செல்கள் நாலைந்து கீழே இறங்கியிருந்தன.

செல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு புரதம், அந்தப் பிடியை இறுக்கவும் தளர்த்தவும் வேறு புரதங்கள், கோட்டை அரித்து வழிவிடவும் புரதம் என்றெல்லாம் பிற்பாடு படித்தேன். அன்று எனக்குத் தெரிந்த புரதம் முட்டைதான்.

முடிவைச் சொல்ல நானே ஊருக்குப் போனேன். அண்ணி தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். இரண்டு வயதுக் கடைக்குட்டி மூத்தவளின் இடுப்பில் இருந்தபடி அம்மாவிடம் போக அழுதுகொண்டிருந்தான். அண்ணி கிட்டேயே போகவில்லை.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது ஒட்டுவாரொட்டியா?"

"இல்லீங்கண்ணி. யாருக்கும் ஒட்டாது. உள்ளுக்குள்ள ஒட்டியிருக்கறது உட்டுப்போற சீக்குங்க இது."

"அப்பப் பையனத் தூக்கலாமா?"

"தூக்குங்க."

வேறெதுவும் அவர் கேட்கவில்லை. சுலபமான கேள்வியோடு நிறுத்திக்கொண்டாரே என்று ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. சென்னைக்குப் போய்ப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், நாளைக்கே கிளம்ப வேண்டும் என்று சொல்ல வந்தவள், அண்ணி மகனின் தலையை முகர்ந்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.