தோலுக்கடியில் இரண்டு குச்சிகள்

போன கிழமை ஓலைத்தொடுவாயில் தங்கச்சி சாந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் மீனுக்கு வாங்கும் ஐஸ் கட்டிகளை உருகாமல் இருக்க உமிக்குள் புதைத்து வைப்பார். உமி உயிலங்குளத்து நெல் ஆலையிலிருந்து மூட்டையாக வரும். உள்ளே காலை வைத்ததும் ஈர உமியின் வாடை முகத்தில் அடித்தது. வேறு யாருக்கும் அது வயலையோ அறுவடையையோ ஞாபகப்படுத்தும். எனக்கு ஞாபகம் வந்தது எலி. என் பிறவி அப்படி.

எலி என்றால் கூரையில் ஓடுகிற சாதி இல்லை. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், கல்லூரியில் வளர்ந்த எலி. நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் மற்றவர்கள் எல்லோரும் பெயின்ற் அடிக்கப் போனார்கள். எனக்கு ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே தலை சுற்றும். ஆகவே பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றில் எலி பார்க்கும் வேலைக்குப் போனேன். முகாமில் கேட்டவர்களிடம் "கல்லூரியில வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொள்வேன்.

அங்கே ஆராய்ச்சி செய்த மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். கருவைத் தடுக்கும் ஹோர்மோன் மருந்து பற்றியது அவருடைய ஆராய்ச்சி. தீக்குச்சியில் பாதி நீளத்துக்கு, ரப்பர் போன்ற ஒரு மெல்லிய குழாய். அதற்குள் மருந்துத் தூளை அடைத்து, இரண்டு முனைகளையும் பசையால் மூடி, பெண் எலியின் பிடரித் தோலுக்கடியில் செருகிவிடுவார். குழாயின் சுவரூடாக மருந்து மெதுமெதுவாகக் கசிந்து, மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதி எலிகளுக்கு வெறுங்குழாய். ஆண் எலியோடு விட்டால் வெறுங்குழாய்க்காரிகள் குட்டி போடுவார்கள், மருந்துக்காரிகள் போடமாட்டார்கள். மேடம் நூறு பக்கத்தில் எழுதியதை நான் இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். அவர் மன்னிக்க வேண்டும்.

உமி மாற்றுவதும் எலியை நிறுப்பதும் என் வேலை. கிழமைக்கு ஒருதரம் ஒவ்வொன்றின் பிடரியையும் கட்டைவிரலால் தடவி, குழாய் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். முதலில் கடி வாங்கினேன். பிறகு என் விரல் கெட்டிக்காரனாகிவிட்டது. தொட்ட உடனேயே சொல்லும், குழாய் இருக்கிறதா, நகர்ந்துவிட்டதா என்று.

மருந்துக்காரிகள் சிலர் குட்டி இல்லாமலே கூடு கட்டினார்கள். கூண்டின் ஒரு மூலையைத் துப்புரவாக ஒதுக்கி, உமியை வாயால் இழுத்து வளையமாக வைத்து, நடுவில் போய்ப் படுத்திருப்பார்கள்.

"என்ன மேடம் இது?" என்று கேட்டேன்.

"ஹார்மோன் பண்ற வேலைப்பா. குட்டி வரப்போகுதுன்னு உடம்பு நினைச்சுக்குது" என்றார்.

இனி என் கெட்டித்தனத்துக்கு வருகிறேன். ஒருநாள் ஒரு கூண்டின் மூடியைச் சரியாகப் பூட்டாமல் விட்டுவிட்டேன். மருந்துக்காரி பதினேழாம் நம்பர் தண்ணீர் போகும் குழாய்க்குள் இறங்கிப் போய்விட்டது. திங்கட்கிழமை மேடம் எண்ணிப் பார்க்க வருவார். வேறு ஒருவன் என்றால் போய் உள்ளதைச் சொல்லியிருப்பான். நான் முகாமில் வளர்ந்தவன். முகாமில் அதிகாரி வந்து தலை எண்ணும்போது, தூர ஊரில் பெயின்ற் அடிக்கப் போனவனுக்குப் பதிலாக இன்னொருவன் சட்டையை மாற்றிக்கொண்டு வரிசையில் நிற்பான். பெயரைக் கூப்பிட்டால் ஓம் என்பான். அதில் நான் பேர்போனவன். ஒரே காலையில் மூன்று பேராக இருந்திருக்கிறேன், அதில் ஒருவருக்கு அறுபது வயது. கணக்கில் ஆள் குறையக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

அதையே எலிக்கும் செய்தேன். வெறுங்குழாய் போட்டு மேலதிகமாக வைத்திருந்த எலிகளில் ஒன்றை எடுத்து, அதன் காதில் பதினேழுக்குரிய வெட்டை வெட்டி, பதினேழின் கூண்டில் விட்டேன். காதில் உள்ள வெட்டுத்தான் எலிக்கு அடையாள அட்டை. திங்கட்கிழமை எண்ணிக்கை சரியாக இருந்தது. மேடம் சிரித்துக்கொண்டு போனார்.

மூன்று கிழமையில் பதினேழாம் நம்பர் ஒன்பது குட்டி போட்டது.

மேடம் கூண்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்து பார்த்தார். "இது எப்படிப்பா?" என்றார். மருந்தில் பிழையா, பசையில் பிழையா என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பல மாத வேலையைத் தூக்கிப் போட்டு முதலிலிருந்து தொடங்கினார். "ஒன்னு மாறினாலும் மொத்தமும் பொய்யாயிடும்" என்றார். நான் பக்கத்தில் உமிச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. ஓர் எலிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இலங்கையில் சண்டை முடிந்து ஊர் திரும்பினோம். கரையோரம் வரிசையாகத் தகரக் கொட்டில்கள். எனக்கு எழுத வாசிக்க வரும் என்பதால் என்னை ஊர்ச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. கூட்டத்துக்கு வராதவர்களின் பெயரை வீட்டுத்திட்டத்திலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று ஒரு கதை உலாவியது. யார் சொன்னது என்று தெரியாது. நம்பிய முதல் ஆள் நான்.

ஒருநாள் தாய்மாருக்கான நடமாடும் கிளினிக் வந்தது. பட்டியலில் பிலோமினாவின் பெயர் இருந்தது. எங்கள் அடுத்த கொட்டில்காரி, நாலு பிள்ளைகளின் தாய். அன்றைக்கு அவள், சண்டைக்குப் பிறகு தடுப்பு முகாமில் அடைத்திருந்த புருசனைப் பார்க்க வவுனியாவுக்குப் போயிருந்தாள். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அவளுக்கு வீடு போய்விடும் என்று நான் சாந்தியைக் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது, பிள்ளை இல்லை.

"பிலோமினா எண்டு கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. பிறசர் பாத்துக் குளிசை தருவினம், வேற ஒண்டுமில்லை."

"ஆளைத் தெரிஞ்சால்?"

"ஆரும் பாக்கமாட்டினம். நான் எத்தினை பேராய் நிண்டனான்."

அவள் போனாள். பின்னேரம் கையில் சின்னக் கட்டோடு வந்தாள். "ஏதோ ஊசி" என்றாள். பிலோமினாவின் பெயர் எழுதிய அட்டையை என்னிடம் தந்தாள். நான் அதை வாசிக்காமலே பிலோமினா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எழுத்தறிவு அந்தளவு.

இரண்டு வருடம் போனது. மச்சான் பிள்ளை வேண்டித் திருக்கேதீச்சரக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். கொட்டிலில் ஒரு மூலையில் மட்டும் சாந்தி சாமான் எதுவும் வைக்கவிடவில்லை. வலையை அங்கே போட்டால் மச்சானோடு சண்டைக்குப் போவாள். காரணம் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிலோமினாவின் புருசன் விடுதலையாகி வந்தான். அவள் மறுபடி பிள்ளைத்தாச்சியானாள்.

அதை அறிந்து மருத்துவமாது வந்தார். நாங்கள் மிஸி என்போம். நல்ல மனுசி. கையில் பழைய பதிவேடு. பிலோமினாவின் கையைத் திருப்பித் திருப்பித் தடவினார்.

"பிள்ளை, அஞ்சு வருசத்துக்குக் கரு தங்காம இருக்க எண்டு இந்தக் கையில ரெண்டு குச்சி வச்சது. எங்க போச்சுது?"

"எனக்கு ஆர் மிஸி வச்சது?"

"இது எப்படி?" என்று மிஸி தனக்குள் சொன்னார். கூண்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்த மேடத்தின் அதே முகம். நான் சங்கத்துப் பதிவுக் கொப்பியோடு பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

நேரே சாந்தியிடம் போனேன். பானை கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் தா என்று பிடித்து, உட்பக்கமாகக் கட்டைவிரலால் தடவினேன். விரல் உடனே சொல்லிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, தீக்குச்சி அளவில், இடம் மாறாமல்.

"அண்டைக்கு உன்னட்டை என்ன கேட்டவை?"

"நாலு பிள்ளையளோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். இனிக் கொஞ்சக் காலத்துக்கு வேண்டாமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன். மிச்சம் ஒண்டும் காதில விழேல்லை அண்ணை. ஆளைப் பிடிச்சிடுவினம் எண்டு நெஞ்சு அடிச்சது."

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்களையெல்லோ பிடிப்பினம்."

மிஸி கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னது, அன்றைக்கு வவுனியாவில் நின்ற ஒருத்தி.

அடுத்தநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிலோமினாவிடம் திரும்ப வாங்கி வந்த அட்டையை நீட்டினேன். மிஸி பெயரைப் பார்த்தார், சாந்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல் நாளில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தரம் ஒரேயொரு ஆளாக நின்று பதில் சொன்னேன்.

"அந்தப் பட்டியலுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம், தம்பி?" என்றார் மிஸி. 

குச்சிகளை எடுக்கப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆறுதல் சொல்கிறேன் என்று தொடங்கினேன். "குழாயை எடுத்தாப் பிறகு எலி எல்லாம் பழையபடி குட்டி போட்டதுகள். பயப்பிடாதை."

"நான் எலியோ அண்ணை?" என்றாள். பாலம் கடந்து மன்னார் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளை வரவில்லை. டொக்டர் நேர்மையாகச் சொன்னார்: குச்சியால் நிரந்தரக் கேடு எதுவும் இல்லை, எடுத்தவுடன் உடம்பு திரும்பிவிடும், ஆனால் வயது போனால் போனதுதான். அந்த இரண்டு வருடத்துக்குள் வந்திருக்குமா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில்தான் இன்னும் என்னோடு இருக்கிறது. சாந்தி இதுவரை என்னை ஒரு சொல் ஏசியதில்லை. ஏசியிருந்தால் நான் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

தகரக் கொட்டில்கள் போய்விட்டன. கல்வீடுகள் வந்துவிட்டன, பிலோமினாவுக்கும் சாந்திக்கும். மிஸி வேலையிலிருந்து இளைப்பாறி எங்கேயோ போய்விட்டார். இப்போது என்னை யாரும் வரிசையில் நிற்கச் சொல்வதுமில்லை. போன கிழமை தேத்தண்ணி தந்தபோது, என் கண் என்னையறியாமல் சாந்தியின் கைக்குப் போனது.

"தேடாதேங்கோ அண்ணை. தழும்பும் மறைஞ்சுபோச்சு" என்றாள்.

புதுவீட்டிலும் அவள் ஒரு மூலையைச் சில வருடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த மூலையில்தான் இப்போது உமி மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன.